நம்ம ஆளுங்க அதிகம் உள்ள ஏரியா

"அந்த ஏரியா வேணாம்லா, நம்ம ஆளுங்க ரொம்ப இருப்பாங்க."

சுங்கை பட்டாணியிலிருந்தோ தெலுக் இந்தானிலிருந்தோ குளுவாங்கிலிருந்தோ வேலை கிடைத்துக் கோலாலம்பூருக்கு வரும் ஒரு தமிழ்ப் பிள்ளை, வாடகைக்கு எங்கே பார்க்கலாம் என்று கேட்டால் முதலில் வந்து விழும் பதில் இதுதான். சொல்பவர் சீனரும் இல்லை, மலாய்க்காரரும் இல்லை. மாமா சொல்கிறார். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் முன்னால் படித்த அக்கா சொல்கிறார். செந்தூலில் பிறந்து வளர்ந்து, இப்போது பூச்சோங்கில் இரட்டை மாடி வீடு வாங்கிக் குடியேறிவிட்ட அண்ணன் சொல்கிறார். சொல்லும்போது குரலைக்கூடத் தாழ்த்துவதில்லை. மழை வரும், குடை எடுத்துக்கொள் என்பதுபோல அத்தனை இயல்பாகச் சொல்கிறார்கள்.

எனக்கு இந்த ஒரு வாக்கியத்தோடுதான் சண்டை. இதை அக்கறை என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அக்கறை இருக்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அக்கறை எந்தச் சல்லடையால் சலிக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஏனென்றால் இதே சல்லடையை வீட்டுக்காரர்களும் வைத்திருக்கிறார்கள். வாடகை விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 'சீனர் மட்டும்.' 'இந்தியர் வேண்டாம்.' கொஞ்சம் நாசூக்கு தெரிந்தவர் 'சீனருக்கு முன்னுரிமை' என்று எழுதுவார். நல்ல மனசுக்காரர் 'எல்லா இனத்தவரும் வரலாம்' என்பதை நீச்சல் குளம், கார் நிறுத்துமிடம் ஆகியவற்றோடு சேர்த்து ஒரு வசதியாகப் பட்டியல் போடுவார். போனில் பெயர் சொன்னதும் 'அலாமா, இப்பதான் ஆள் எடுத்தாச்சு' என்பவர்கள் இன்னொரு வகை. எனக்கு அப்படிப் 'போய்விட்ட' ஒரு அறையை, அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்ட என் சீனத் தோழியிடம் நாளைக்கே வந்து பார்க்கச் சொன்னார்கள். இது என் தனிக் கதை இல்லை. இந்த ஊரில் வாடகைக்கு அலைந்த எந்தத் தமிழரைக் கேட்டாலும் இப்படி ஒன்று வைத்திருப்பார். கேட்டால் காரணம் சொல்வார்கள்: கறி வாசம், வாடகை பாக்கி, கூட்டம் சேர்த்துக் குடிப்பது. கறி வாசத்துக்குப் பயப்படுகிறவர் கீழே மாமாக் கடையில் மீன்தலைக் கறி வாங்கிக்கொண்டு மேலே ஏறுவதையும் பார்த்திருக்கிறேன்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். கூட்டரசு அரசமைப்பின் 8ஆவது விதி, சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அது சட்டத்தையும் அரசாங்கத்தையும் பார்த்துச் சொன்னது. கர்ப்பமானதால் வேலை இழந்த விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில், தனியாருக்கும் தனியாருக்கும் இடையிலான விவகாரத்துக்குள் இந்தப் பாதுகாப்பு வராது என்று கூட்டரசு நீதிமன்றமே 2005இல் சொல்லிவிட்டது. வாடகை வீட்டுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரப்போவதாக வீடமைப்பு அமைச்சு பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதுவரை 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டம் என்று அங்கங்கே கிடக்கும் துண்டுகளைச் சேர்த்துத்தான் வாடகைக்காரர் தன் உரிமையைத் தைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டுகளில் எதுவும் 'இந்தியர் வேண்டாம்' என்று எழுதுவதைத் தடுக்காது.

ஆக, வெளியே இருந்து ஒரு சல்லடை. அதே சல்லடையை நாமும் வீட்டுக்குள் வாங்கி வைத்து நம் பிள்ளைகளின் கையில் கொடுக்கிறோம். வீட்டுக்காரர் 'இந்தியர் வேண்டாம்' என்றால் இனவெறி. மாமா 'இந்தியர் ஏரியா வேண்டாம்' என்றால் அனுபவம்!

*

'நம்ம ஆளுங்க ஏரியா' எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைகள் இருந்தன, பிறகு இரயில்வே வந்தது, இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்பு வந்தது. செந்தூலில் இரயில் பட்டறை. இவை வேலைக்காக வந்த தமிழர்களை முதலாளி குடிவைத்த இடங்கள். இது ஒரு வகை.

இன்னொரு வகைதான் முக்கியம். பங்சார் ஒரு காலத்தில் கித்தாத் தோட்டம். சுபாங் ஜெயா இருக்குமிடம் சீபீல்டு தோட்டம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று 'நல்ல ஏரியா' என்று பெயர் வாங்கிய எத்தனையோ தாமான்களின் அடியில் பால்மரம் இருந்தது, மரத்தடியில் நம் பாட்டி இருந்தார். தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறியபோது லயத்தில் இருந்தவர்களுக்கு அந்தத் திட்டத்தில் வீடு வாங்க வசதியில்லை. புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டினார்கள். அதை உடைத்தபோது 'ருமா பாஞ்சாங்' எனும் தற்காலிக நீண்ட வீடுகளுக்குப் போனார்கள். தற்காலிகம் என்று சொல்லப்பட்டதில் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் முடித்தார்கள். பிறகு மலிவுவிலை பிளாட். ஒவ்வொரு முறையும் பள்ளி, கோயில், வேலை, பக்கத்து வீடு எல்லாம் அறுந்து மறுபடியும் முதலிலிருந்து. இப்படி மூன்று தடவை பெயர்த்து நடப்பட்ட ஒரு கூட்டத்தைப் பார்த்துத்தான், 'ஏன் இந்த ஏரியா இப்படி இருக்கு?' என்று பூச்சோங் அண்ணன் கேட்கிறார்.

2001 மார்ச்சில் கம்போங் மேடான் வட்டாரத்தில் 6 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள். அப்போதிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டாலே 'ஆபத்தான இடம்' என்கிறார்கள். யாருக்கு ஆபத்தாக இருந்தது என்ற விவரம் மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

சரி, குண்டர் கும்பல் இல்லையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. இருக்கிறது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. உறுப்பினர்களில் 10க்கு 7 பேர் இந்தியர்கள் என்றும் சொன்னது. அந்த எண்ணைக் கேட்டு வெட்கப்பட்டோம், கோபப்பட்டோம், மறந்தோம். ஆனால் வாடகைக்கு வீடு தேடும் ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தக் கும்பல் யாரை என்ன செய்கிறது? அது பெரும்பாலும் தன் புளோக்கில் வளரும் 14 வயதுப் பையனைத்தான் தின்கிறது. காலையில் எல்.ஆர்.டி. ஏறி வேலைக்குப் போய் இரவு திரும்பும் 25 வயதுக் கணக்காளரிடம் அதற்கு அப்படி ஒன்றும் வேலையில்லை. உங்களுக்குப் பதின்ம வயது மகன் இருந்தால் யோசியுங்கள், நியாயம். அப்பா அம்மாவோ பிள்ளையோ கூட இல்லாமல் ஒரு பெட்டியோடு வந்து இறங்குகிறவருக்கு அதே எச்சரிக்கையைச் சொல்வது, வேறொருவருடைய மாத்திரையை எடுத்து இவர் வாயில் போடுவது.

கைப்பை பறிப்பவனும் ஏரியா பார்த்துத்தான் வருகிறான். பை உள்ளவர்கள் இருக்கும் ஏரியாவுக்கு வருகிறான்.

*

இப்போது கணக்குக்கு வருவோம். 'நம்ம ஆளுங்க' இல்லாத, 'பாதுகாப்பான', அதே சமயம் மலிவான வீடு எங்கே கிடைக்கும்? தூரத்தில். செமினியில், புஞ்சாக் ஆலாமில். புது அடுக்குமாடி, காவல் கூண்டு, கேட், வாடகையும் பரவாயில்லை. ஆனால் நகரத்துக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். வாசலில் இரயில் இல்லை. காருக்கு வழியில்லாத பிள்ளை என்ன செய்யும்? மோட்டார் எடுக்கும். நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவில், மழையில், தூக்கக் கலக்கத்தில், தினம் போகவர 60 கிலோமீட்டர்.

இந்த நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் 100க்கு 60 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். நம் குடும்பங்களில் அதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போட்டோவுக்கு மாலை போட்டிருக்கிறது. குண்டர்களுக்குப் பயந்து பிள்ளையை 30 கிலோமீட்டர் தள்ளிக் குடிவைக்கிறவர்கள், அந்தப் பிள்ளையைத் தினம் இரண்டு முறை எதற்குள் அனுப்புகிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. செந்தூலில் எல்.ஆர்.டி. இருக்கிறது, எம்.ஆர்.டி. இருக்கிறது, கொமுட்டரும் இருக்கிறது. 50 வெள்ளி மாதப் பாஸ் எடுத்தால் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேபிட் பஸ் எல்லாவற்றிலும் மாதம் முழுக்கப் போகலாம். ஆனால் செந்தூல் 'நம்ம ஆளுங்க ஏரியா'. ஆகவே ஆபத்து!

ஏரியாவை நல்லது கெட்டது என்று பிரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரிக்கத்தான் வேண்டும், ஆனால் கண்ணால் பார்த்துப் பிரிக்க வேண்டும். பகலில் ஏஜண்ட் காட்டும்போது பார்ப்பது பார்ப்பதே இல்லை. இரவு ஒன்பதரைக்கு ஸ்டேஷனில் இறங்கி அந்த வீட்டுக்கு நடந்து பாருங்கள். இந்த ஊரில் பல ஸ்டேஷன்களுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது. வரைபடத்தில் 400 மீட்டர் என்று காட்டுவது, நடைபாலம் ஏறி, மேம்பாலத்தடியில் இருட்டில் திரும்பி, வேலியோரமாகப் போனால் ஒரு கிலோமீட்டராகிவிடும். அந்த வழியில் விளக்கு எரிகிறதா, ஒரு சாப்பாட்டுக்கடையாவது திறந்திருக்கிறதா? ஒரு பெண்ணுக்கு மூடிய கேட்டைவிடத் திறந்த கடை பெரிய காவல். இதை எந்தப் பெண்ணிடமும் நான் விளக்க வேண்டியதில்லை, அண்ணன்மாருக்காகச் சொல்கிறேன்.

பிறகு கட்டடம். 2018 ஜனவரியில் பந்தாய் டாலாமில் ஒரு பி.பி.ஆர். குடியிருப்பில், மேல் மாடியிலிருந்து எறியப்பட்ட நாற்காலி தலையில் விழுந்து 15 வயதுத் தமிழ்ப் பையன் இறந்தான். கடைக்குப் போய்விட்டு அம்மாவோடு வீடு திரும்பியவன். அவனைக் கொன்றது 'ஏரியா' என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். குப்பை போடும் இடம் எங்கே, லிப்ட் ஓடுகிறதா, பழைய சாமானை எப்படிக் கீழே கொண்டுபோவது, கீழே நடைபாதைக்கு மேல் கூரை இருக்கிறதா என்றெல்லாம் கேட்க வேண்டியதில்லை. வீடு பார்க்கப் போகும்போது நான் முதலில் லிப்டைத்தான் பார்ப்பேன். நான்கு லிப்ட்டில் இரண்டு ஓடவில்லை என்றால் அந்தக் கட்டடத்தில் யாரும் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதில்லை, அல்லது கட்டிய பணம் வேறெங்கோ போகிறது.

அறிவிப்புப் பலகையையும் பாருங்கள். கொண்டோக்களில் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்த வீடுகளின் பட்டியலை ஒட்டுவார்கள். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் அதற்கு இடம் கொடுக்கின்றன. பாக்கி வைத்த வீட்டின் நுழைவு அட்டையை முடக்கவும் இடம் கொடுக்கின்றன. பாக்கி வீட்டுக்காரருடையது, அட்டை உங்களுடையது. வாடகையை ஒழுங்காகக் கட்டிவிட்டு, இரவு பதினொரு மணிக்குக் கதவு திறக்காமல் ஜாகாவிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். அந்த ஜாகாவும் பல இடங்களில் நேப்பாளி அல்லது நம்ம ஆள். உள்ளே வாடகைக்கு எடுக்க முடியாத கட்டடத்துக்கு வெளியே நின்று காவல் காக்கலாம், அதற்கு இனத் தடை இல்லை.

தரைவீடாக இருந்தால் சுவரைப் பாருங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் கூரையைத் தொட்டது. ஆட்கள் கூரைமேல் உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்தார்கள். அதன் பிறகு பெயிண்ட் அடித்த வீடுகள் வாடகைக்கு வருகின்றன. ஏஜண்ட் சொல்ல மாட்டார். பக்கத்து வீட்டு ஆயா சொல்வார், எத்தனை அடி வந்தது, எந்த அலமாரி மிதந்தது என்பது வரைக்கும். அப்படிச் சொல்ல ஒரு ஆயா பக்கத்தில் இருக்கிறாரா என்பதே வீடு பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விதான். 'நம்ம ஆளுங்க ஏரியா'வில் அநேகமாக இருப்பார்.

பணம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 1,200 வெள்ளிக்கு ஒரு சின்ன வீடு என்று வைத்துக்கொண்டாலும், வழக்கமான கணக்குப்படி இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்து 4,200 வெள்ளி கையில் வேண்டும். சம்பளம் வருவதற்கு முன்னால். அதனால்தான் முதலில் அறை எடுக்கிறார்கள். அறை எடுக்கும்போது ஒப்பந்தம் கேட்க வெட்கப்படுகிறார்கள். வெட்கப்படாதீர்கள். முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக எடுத்துக்கொள்ளாது. ஆகவே கையெழுத்து மட்டும் போதாது. வாடகை பாக்கி விழுந்தால்கூட, நீதிமன்ற ஆணை இல்லாமல் பூட்டை மாற்றி உங்களை வெளியே தள்ள வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. இதை 'நல்ல ஏரியா' வீட்டுக்காரர்களும் மறந்துவிடுகிறார்கள்.

நம்மை வேண்டாம் என்று சொல்லும் வீடுகளைக் கழித்து, நாமே வேண்டாம் என்று சொல்லும் ஏரியாக்களையும் கழித்தால் மீதம் எவ்வளவு என்று பாருங்கள். மிச்சமிருக்கும் கொஞ்ச வீட்டுக்கு எல்லோரும் அடித்துக்கொள்ளும்போது விலை ஏறாமல் என்ன செய்யும்? 'எல்லா இனத்தவரும் வரலாம்' என்று எழுதுகிற வீட்டுக்காரருக்கு 100 வெள்ளி அதிகம் கேட்க நாம்தான் துணிச்சல் கொடுக்கிறோம்.

*

கசப்பான பகுதிக்கு வருகிறேன். தமிழ் வீட்டுக்காரர்.

வீடு வாங்கி வாடகைக்கு விடும் நிலைக்கு வந்த தமிழர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள், மகிழ்ச்சி. அவர்களில் எத்தனை பேர் 'நம்ம ஆளுங்களுக்குக் கொடுத்து அனுபவப்பட்டாச்சு' என்று சீனக் குடும்பத்துக்குக் காத்திருக்கிறார்கள்? ஒரு தமிழர் வாடகை பாக்கி வைத்தால் அது இனத்தின் குணம். ஒரு சீனர் பாக்கி வைத்தால் அது அவருக்கு வியாபாரத்தில் வந்த கஷ்டம். இன்னும் சிலர் தமிழருக்குக் கொடுப்பார்கள், ஆனால் பேச்சுவாக்கில் 'தாத்தா எந்த ஊரு? ஊர்ல என்ன ஆளுங்க?' என்று கேட்பார்கள். நூறு வருடத்துக்கு முன் கப்பலேறிய தாத்தாவின் ஊர், செந்தூல் பிளாட்டின் மூன்றாவது மாடி அறைக்கு எதற்கு? எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரியும். விளம்பரத்தில் எழுத முடியாததை வாயால் கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வங்காளதேசிக்கும் ஆப்பிரிக்கருக்கும் கொடுப்பீர்களா என்று கேட்டால், அந்த வாக்கியம் அப்படியே திரும்பி வருகிறது. சொல் மாறவில்லை, 'இந்தியர்' இருந்த இடத்தில் வேறு பெயர்.

நம் எழுத்திலும் இது விடுபட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்தை எழுதினோம், லயத்தை எழுதினோம், லயம் உடைந்ததை எழுதினோம். நான் படித்த மலேசியத் தமிழ்க் கதைகளில் வாடகை அறை அபூர்வம். நான்கு பேர் ஒரு குளியலறையைப் பங்குபோடும் வீடு, குளிர்பதனப் பெட்டியில் பெயர் எழுதி ஒட்டிய பால் டப்பா, போனில் பெயர் சொல்லும் முன் வரும் அந்த ஒரு நொடித் தயக்கம். நம் தலைமுறையின் லயம் அதுதான். இதைப் படிப்பவர்களில் எழுதுகிறவர்களும் இருப்பீர்கள்.

வீடமைப்பு அமைச்சின் அந்தச் சட்டம் என்றைக்காவது நாடாளுமன்றத்துக்கு வரும். விளம்பரத்தில் இனம் குறிப்பிடக் கூடாது என்ற ஒரு வரி அதில் இருக்க வேண்டும் என்று நம் இயக்கங்கள் மேடையில் கேட்டு நான் கேட்டதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஹெம்பர் கொடுக்கும்போது கேட்கலாம். அதற்கு முன், சொந்தமாக வீடோ காலி அறையோ வைத்திருக்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் இன்று இரவே உங்கள் விளம்பரத்தைத் திறந்து பாருங்கள். யார் வரக் கூடாது என்று எழுதியிருக்கும் வரியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிடம், பராமரிப்புக் கட்டணம் எந்த மாதம் வரை கட்டியிருக்கிறீர்கள், 2021இல் தண்ணீர் எத்தனை அடி வந்தது என்று எழுதுங்கள்.